நுண்ணுயிர் கண்ட வரலாறு

ஒரு பொருளின் உண்மையைத் தெளிதற்குரிய வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். அவற்றுள் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் தலையாயவை. கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காண்டல். மலையிடத்தே எழும் புகையைக் கண்டு, ஆங்கு நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல். அறிந்தார் கூறியதை ஏற்றுக்கொள்வது உரை. இம்மூன்றும் ஒன்றோடொன்று இயைந்தவிடத்து அறிவு வளரும். அவை தனித்தனியே நின்றவிடத்து, உண்மை கைக்கெட்டும் தொலைவில் இருப்பினும் மக்கள் அதனை அறியாது மயங்குவர். இதற்கு நுண்ணுயிர்களைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறே தக்க சான்றாகும்.

பாக்டீரியா எனப்படும் மிக நுண்ணிய உயிர்களை ஒருவர் கண்டு எழுதியது கி. பி. 1676-ஆம் ஆண்டில். மனிதரையும் கால்நடைகளையும் வருத்தும் நோய் ஒன்றை இன்ன பாக்டீரியாவே விளைக்கின்றது என ஐயமற மெய்ப்பிக்கப்பெற்றது 1876-ஆம் ஆண்டில். இடையே கழிந்தவை இருநூறு ஆண்டுகள். அவ்விருநூறு ஆண்டுகளிலும் கொள்ளைநோயாலும் புண்ணாலும் மகப்பேற்றுக் காய்ச்சலாலும் மாண்டவர் எண்ணிறந்தோர். பகைவனைக் கண்டும் அவனைப் பகைவன் என அறியாதிருந்த காலம் அது.

ஒல்லாந்து நாட்டில் டெல்பட்டு என்பது ஓர் அழகிய நகர். அந்நகரில் 1632-ஆம் ஆண்டில் பிறந்தவர் ஆண்டனி வான் லீவன்ஹூக் என்பவர். இவர் துணி வாணிகர், பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர். அக்காலத்து அறிஞர் பலரும் நூல் எழுதிய இலத்தீன் மொழியையும் இவர் அறியார். ஆயினும், கண்ணாடியைத் தேய்த்து வில்லைகள் செய்வதில் இவருக்கு ஈடாவார் அந்நாளில் ஒருவரும் இலர். சிறு மணி போன்ற வில்லை ஒன்றைப் பித்தளைத் தகடுகளிடையே பதித்து, அதன் முன்னர் ஓர் ஊசிமுனையில் பொருளை நிறுத்தி, கண்ணருகே பிடித்து நோக்குவார். விரலளவே நீளமுள்ள அக்கருவிகளுள் சில, பொருளை இருநூறு மடங்கிற்கு மேலும் பெருக்கிக் காட்டின.

மிளகு நாவில் உறைப்பதற்குக் காரணம் யாது என அறிய இவர் விரும்பினார். அதன் துகள்களில் கூரிய முட்கள் இருக்கக்கூடும் என்பது இவர் எண்ணம். மிளகை நீரில் ஊறவைத்தார். சில நாள் கழித்து அந்நீரின் துளி ஒன்றை எடுத்து நோக்கினார். முட்கள் எவையும் காணப்படவில்லை. அவற்றுக்கு மாறாக, எண்ணற்ற சிற்றுயிர்கள் அத்துளியில் நெளிந்தும் சுழன்றும் திரிந்தன. ஒன்றைத் தேடச் சென்றவர் வேறொன்றைக் கண்டார். அவற்றுள் மிகச் சிறியவற்றை நூறு எண்ணி நீளவாட்டில் அடுக்கினும், அவை ஒரு பருமணலின் நீளத்தை எட்டா என அவர் மதிப்பிட்டார். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றினும் நூறு நூறாக அடுக்கினால் பத்து நூறாயிரம் ஆகும். அத்தனை உயிர்கள் திரண்டாலும் ஒரு மணலின் பருமனை நிரப்பா என்பது அவர் கணக்கு.

இச்செய்தியை 1676-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இலண்டன் மாநகரின் இராயல் கழகத்திற்குத் தம் தாய்மொழியிலேயே எழுதி விடுத்தார். கழகத்தார் எளிதில் நம்பினாரல்லர். சமய குருமார் முதலிய பெரியோர் எண்மரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, அவ்வுயிர்களைக் காட்டி, அவர்தம் சான்றுரைகளைப் பெற்று லீவன்ஹூக் அனுப்பினார். கழகத்தாரும் இராபர்ட் ஹூக் என்னும் அறிஞரை ஏவினர். அவர் மிளகு நீரைத் தாமே அமைத்து, 1677-ஆம் ஆண்டு நவம்பரில் அவ்வுயிர்களைக் கழகத்தார் கண்முன் காட்டினார். 1680-ஆம் ஆண்டில் துணி வாணிகர் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். பின்னர்த் தம் பற்களினிடையே படிந்த வெண்மையான அழுக்கிலும் அத்தகைய உயிர்களைக் கண்டு, 1683-ஆம் ஆண்டில் எழுதினார். தொண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்து, 1723-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

மனித உடலிலும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பது இவ்வாறு தெரிந்துவிட்டது. ஆயினும், அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றவில்லை. அங்ஙனம் கருதியோர் சிலர் இருந்தனர். அவர் கருத்துக்குச் சான்று இல்லை. அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே நோய்களுக்குக் காரணம் என்பது பெரும்பாலோர் கொள்கை. மேலும், லீவன்ஹூக் தம் சிறந்த வில்லைகளை அமைத்து நோக்கும் முறையைப் பிறருக்கு வெளியிடவில்லை. அவருடன் அக்கூரிய காட்சியும் நெடுங்காலம் மறைந்தது.

அறிஞர்களின் கவனமோ வேறொரு வினாவிற் சென்றது. இந்நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? இவற்றுக்கும் தாயும் தந்தையும் உளரோ, அன்றி இவை தாமே தோன்றுகின்றனவோ? புழுவும் ஈயும் அழுகிய பொருளிலிருந்து தாமே பிறக்கும் என்பது கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் காலந்தொட்டு மேனாட்டில் வழங்கிய கொள்கை. நம் நாட்டிலும் உயிர்களின் தோற்றத்தை நான்காக வகுத்தோர், பேன் முதலியவற்றை வேர்வையிற் பிறப்பன என்றனர். பெரியோர் கூறிய உரை என்பதால் அதனை எவரும் ஐயுறவில்லை.

இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி என்பவர் 1668-ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். சில கலங்களில் இறைச்சியை இட்டுத் திறந்து வைத்தார். வேறு சிலவற்றின் வாயை மெல்லிய துணியால் மூடினார். திறந்த கலங்களில் ஈக்கள் மொய்த்தன, புழுக்கள் தோன்றின. மூடிய கலங்களில் இறைச்சி அழுகியது. ஆயினும் புழு தோன்றவில்லை. ஈக்கள் இட்ட முட்டையிலிருந்தே புழுக்கள் பிறக்கின்றன என்பது தெளிவாயிற்று.

புழுவைப் பற்றிய ஐயம் நீங்கியது. நுண்ணுயிர்களைப் பற்றிய ஐயம் நீங்கவில்லை. 1748-ஆம் ஆண்டளவில் நீடாம் என்னும் ஆங்கிலத் துறவி, சூடேற்றிய இறைச்சிச் சாற்றைக் குப்பியில் இட்டுத் தக்கையால் அடைத்து வைத்தார். சில நாளில் அதனுள் நுண்ணுயிர்கள் பெருகின. அவை தாமே தோன்றின என அவர் முடிவு செய்தார். இத்தாலியத் துறவி ஸ்பலன்சானி அதனை மறுத்தார். அவர் குப்பியின் கழுத்தைத் தீயில் உருக்கி மூடி, சாற்றை நெடுநேரம் கொதிக்க வைத்தார். அக்குப்பிகளில் உயிர்கள் தோன்றவில்லை. ‘நீடாமின் தக்கை காற்றைத் தடுக்கவில்லை, அவர் இட்ட சூடும் போதவில்லை’ என்பது 1765-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருத்து. ‘நீர் மிகுதியாகக் கொதிக்க வைத்துக் காற்றின் உயிராற்றலையே கெடுத்துவிட்டீர்’ என்று எதிர்த்தரப்பினர் விடையிறுத்தனர். வழக்கு முடிவின்றி நூறாண்டு நீண்டது.

இவ்வழக்கு கற்றோர் பொழுதுபோக்குக்கு ஆடும் சொல்லாட்டமன்று. நுண்ணுயிர்கள் தாமே தோன்றுமாயின், புண்ணில் சீழும் உடலில் நோயும் தாமே தோன்றும். அவற்றைத் தடுக்க மனிதனால் இயலாது. அவை தம்மினத்து உயிர்களிலிருந்தே பிறக்குமாயின், அவை வரும் வழியை அடைத்தால் போதும். மக்களின் உயிர் அவ்வொரு வினாவின் விடையைச் சார்ந்து நின்றது. அவ்விடை கிடைக்குமுன்னரே, ஒரு மருத்துவர் கருதல் ஒன்றையே துணையாகக் கொண்டு அவ்வழியை அடைத்துக் காட்டினார். அவர் வரலாறு நெஞ்சை உருக்குவது.

ஆஸ்திரியத் தலைநகராகிய வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சியர் பயிற்சி பெற்றனர். 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் மகப்பேற்றுக்கு வந்தோர் 4,010 பேர். அவருள் இறந்தோர் 459 பேர். அதே ஆண்டில் இரண்டாம் பிரிவில் வந்தோர் 3,754 பேர். இறந்தோர் 105 பேர். ஒரே கூரையின் கீழ், ஒரு பிரிவின் சாவு மற்றதனைப்போல் நான்கு மடங்காயிருந்தது. இதனை நகரத்து ஏழை மகளிரும் அறிந்திருந்தனர். முதற்பிரிவில் சேர்க்க வேண்டா என அவர்கள் மண்டியிட்டு மன்றாடினர். வழியிலேயே குழந்தையைப் பெற்றுவிட்டுப் பின்னர் மருத்துவமனைக்கு வந்தோரும் உளர். அவருள் காய்ச்சல் கண்டவர் சிலரே.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்பவர் 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் துணை மருத்துவராக அமர்ந்தார். அவர் அப்போது இருபத்தெட்டு வயதினர். நாள்தோறும் தாயரைப் பறிகொடுக்கும் காட்சி அவர் உறக்கத்தைக் கெடுத்தது. சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். நச்சுக்காற்று காரணமோ? இரு பிரிவுக்கும் காற்று ஒன்றே. கூட்ட நெருக்கமோ? இரண்டாம் பிரிவிலேயே நெருக்கம் மிகுதி. இறப்போர்க்கு இறுதிச் சடங்கு செய்யவரும் குருவின் மணியோசை கேட்டு எழும் அச்சமோ? குருவை வேறு வழியே வரச்செய்து, மணியோசையையும் நிறுத்திப் பார்த்தார், சாவு குறையவில்லை.

1847-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பராகிய கோலெட்ஷ்கா என்னும் பேராசிரியர் இறந்தார். பிணத்தை அறுத்து ஆராயும்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலிற் பட்டது. அச்சிறு புண்ணே அவருக்குக் கூற்றாயிற்று. அவருடைய பிணச்சோதனைக் குறிப்பைப் படித்த செம்மல்வைஸ் திடுக்கிட்டார். காய்ச்சல் கண்டு மாண்ட தாயரின் உடலில் காணப்பெற்ற மாறுபாடுகளே அவர் உடலிலும் காணப்பெற்றன. மாணவர்கள் காலையில் பிணங்களை அறுக்கின்றனர். கையைச் சிறிதே கழுவிவிட்டு நேரே மகப்பேற்றுப் பிரிவிற்கு வருகின்றனர். மருத்துவச்சியர்க்குப் பிணம் அறுக்கும் பயிற்சி இல்லை. புகை கண்டு நெருப்பைத் துணிந்தாற்போல, பிணத்தின் நுண்துகளே மருத்துவர் கைவழியாகத் தாயரின் உடலை அடைகின்றது என்று அவர் துணிந்தார்.

அவ்வாண்டு மே மாத நடுவில் அவர் ஒரு கட்டளையிட்டார். பிரிவினுள் நுழைவோர் அனைவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகளை நன்கு கழுவுதல் வேண்டும் என்பதே அது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு, ஜூனில் இரண்டளவிற்கு இறங்கியது. 1848-ஆம் ஆண்டு முழுமையும் 3,556 தாயருள் இறந்தோர் 45 பேரே. அவ்வாண்டின் இரு திங்களில் ஒரு தாயும் இறந்திலள்.

இத்துணைச் சிறந்த பயனைக் கண்டபின்னும் மருத்துவ உலகம் அவரைப் போற்றவில்லை. தம் கைகளே கொலைக்கருவிகளாயிருந்தன என்பதை ஒப்புக்கொள்ளப் பலர் உள்ளம் இடங்கொடுக்கவில்லை. கையில் ஒட்டிய அப்பொருள் யாது என்று வினவியோர்க்கு அதனை எடுத்துக் காட்டவும் அவரால் இயலவில்லை. ‘அழுகிய உயிர்ப்பொருள்’ என்றே அவர் கூறினார். தம் கருத்தை விரிவாக எழுதி வெளியிடவும் அவர் 1861-ஆம் ஆண்டு வரை காலம் தாழ்த்தினார். எதிர்த்தோரைக் கொலைஞர் என்று கடுஞ்சொல்லால் சாடி மடல்கள் வரைந்தார். அதனால் நண்பரும் விலகினர். முடிவில் மனம் குலைந்து, வியன்னாவை அடுத்த மனநோய் விடுதியில் சேர்க்கப்பெற்றார். அங்கே புண்ணினால் இரத்தம் நஞ்சுபட்டு, 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள், நாற்பத்தேழாம் வயதில் உயிர்நீத்தார். எந்த நச்சினின்றும் தாயரைக் காத்தாரோ, அத்தகைய நச்சே அவரைக் கொண்டது.

லீவன்ஹூக் நுண்ணுயிரைக் கண்டார். அதனை நோய்க்குக் காரணமாகக் கருதவில்லை. செம்மல்வைஸ் காரணத்தைக் கருதினார். ஆனால் அதனைக் கண்டிலர். இருவர் அறிவையும் இணைக்கும் பாலம் அப்போது இல்லை. அப்பாலத்தை அமைத்தவர் மருத்துவரல்லர்; வேதியலறிஞர் ஒருவர். தோல் பதனிடுவோர் ஒருவரின் மகனாக 1822-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பிறந்த லூயி பாஸ்டியரே அவர்.

பால் புளிப்பதும், பழச்சாறு மதுவாவதும் எதனால் என்பதைப் பாஸ்டியர் ஆராய்ந்தார். பாலைப் புளிக்கச் செய்வது ஒருவகை நுண்ணுயிரே என 1857-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இல்லங்களில் காய்ச்சிய பாலிற் சிறிது பிரை ஊற்றி வைக்க, மறுநாள் அது முழுதும் தயிராகின்றது. அப்பிரையில் உள்ள நுண்ணுயிர்கள் பாலிற் பல்கிப் பெருகுவதே அதற்குக் காரணம். ஒரு வகை நுண்ணுயிர் ஒரு வகை மாற்றத்தை விளைக்கும் என்பது இதனால் விளங்கும். அங்ஙனமாயின், ஒரு வகை நுண்ணுயிர் ஒரு வகை நோயை விளைத்தல் ஏன் கூடாது? இவ்வினா பாஸ்டியர் உள்ளத்தில் எழுந்தது. ஆயினும், அதற்குமுன் தீர்க்கப்பெற வேண்டிய பழவழக்கு ஒன்று எஞ்சி நின்றது.

நுண்ணுயிர்கள் தாமே தோன்றும் என்னும் கொள்கையைப் பூஷே என்னும் அறிஞர் அந்நாளில் மீண்டும் வலியுறுத்தினார். பாஸ்டியர் ஓர் எளிய குடுவையால் அதற்கு விடை கண்டார். குடுவையில் சாற்றை இட்டு, அதன் கழுத்தை அன்னத்தின் கழுத்துப்போல் நீட்டி வளைத்து, சாற்றைக் கொதிக்க வைத்தார். கழுத்தின் வாய் திறந்தே இருந்தது. காற்று தடையின்றி உள்ளே சென்றது. ஆதலின், காற்றின் ஆற்றல் கெட்டது என்று கூற இடமில்லை. காற்றுடன் வந்த தூசியோ வளைவிலேயே தங்கிவிட்டது. சாறு பன்னாள் கெடாதிருந்தது. குடுவையைச் சாய்த்து, வளைவிலுள்ள தூசியைச் சாறு தீண்டுமாறு செய்தபோது, அது விரைவிற் கெட்டது.

அவர் அத்துடன் அமைந்தாரல்லர். காற்றில் தூசி குறைந்த இடத்தில் சாறு கெடுவதும் குறைதல் வேண்டும் அன்றோ? 1860-ஆம் ஆண்டில், மூடிய குடுவைகளைச் சுமந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையின் பனிப்பரப்பிற்கு ஏறினார். ஆங்கு இருபது குடுவைகளைத் திறந்து மீண்டும் மூடினார். அவற்றுள் கெட்டது ஒன்றே. தாழ்ந்த நிலத்தில் திறந்த இருபதில் கெட்டவை எட்டு. 1864-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் பாரிசு நகரத்துச் சார்பான் பல்கலைக்கழகத்தில் பேரவை முன்னர் இவற்றை விளக்கினார். பூஷே வைக்கோல் ஊறிய நீரைக் காய்ச்சி ஆராய்ந்தவர்; அவர் குடுவைகளில் உயிர்கள் தோன்றியது மெய்யே. வைக்கோலில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாவின் உறைவித்துகள் கொதிநீரிலும் சாவாதிருந்தமையே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.

பாஸ்டியரின் ஆராய்ச்சியைப் படித்தோருள் ஒருவர், கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர். அந்நாளில் அறுவை நன்கு முடிந்தும், புண் அழுகி நோயாளர் இறப்பது பெருவழக்காயிருந்தது. சாற்றைக் கெடுப்பது காற்றிலும் தூசியிலும் உள்ள நுண்ணுயிராயின், புண்ணைக் கெடுப்பதும் அதுவேயன்றோ என்று லிஸ்டர் கருதினார். கழிவுநீரின் நாற்றத்தைப் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தைத் தேர்ந்தார். வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்து, தோலும் கிழிந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பெற்றான். அத்தகைய காலை வெட்டி நீக்குவதே அந்நாளைய முறை. லிஸ்டர் அவன் புண்ணை அமிலந் தோய்ந்த துணியால் கட்டினார். புண் அழுகாது ஆறியது. ஆறு வாரத்தில் எலும்பும் கூடியது. அக்கட்டுப் போடப்பெற்ற நாள் 1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12. அதற்கு மறுநாளே செம்மல்வைஸ் மறைந்தார் என்பதை எண்ணுங்கால் உள்ளம் வருந்தும்.

லிஸ்டரும் தம் கணக்கை வெளியிட்டார். இம்முறையைக் கைக்கொள்ளுமுன் கை கால்களை வெட்டி நீக்கப்பெற்ற 35 பேருள் 16 பேர் மாண்டனர்; கைக்கொண்டபின் 40 பேருள் மாண்டோர் அறுவரே. செம்மல்வைசின் கணக்கைப் புறக்கணித்த உலகம் லிஸ்டரின் கணக்கை மெல்லமெல்ல ஏற்றது. கணக்குடன் காரணமும் கிடைத்திருந்தமையே வேறுபாடு. 1874-ஆம் ஆண்டில் லிஸ்டர் தம் வெற்றிக்கு அடிப்படை தந்தமைக்காகப் பாஸ்டியர்க்கு நன்றி கூறி மடல் எழுதினார்.

இன்னும் ஒரு படி எஞ்சியது. நுண்ணுயிர்கள் பலவகை, அவற்றுள் எது எந்நோயை விளைப்பது? நோயுற்ற உடலில் ஒரு நுண்ணுயிர் காணப்பெறின், அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா? இதனைத் தெளிவித்தவர் இராபர்ட் காக் என்பவர். அவர் அந்நாளில் செருமனியைச் சேர்ந்திருந்த வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரின் மருத்துவர். நோயாளரைப் பார்க்கும் நேரம் போக எஞ்சிய பொழுதில், இல்லத்தின் ஒரு பகுதியிலேயே ஆராய்ந்தார்.

அப்பகுதியில் ஆடு மாடுகளை அடைப்பான் நோய் கொன்று குவித்தது. மாண்ட விலங்குகளின் இரத்தத்தில் கோல் போன்ற நுண்ணுயிர்கள் இருத்தலை முன்னரே சிலர் கண்டிருந்தனர். காக் சிறு மரச்சிம்பில் அவ்விரத்தத்தைத் தோய்த்து எலியின் உடலிற் செலுத்தினார். எலி மாண்டது, அதன் உடலிலும் கோலுயிர்கள் நிறைந்திருந்தன. இரத்தத்தில் உள்ள வேறொரு நஞ்சு கொன்றிருக்கலாமே என்னும் ஐயத்தை நீக்க, மாட்டுக் கண்ணின் தெளிந்த நீரில் அவ்வுயிர்களை வளர்த்தார். அதிலிருந்து ஒரு துளியைப் புதிய நீரில் இட்டு வளர்த்தார். இவ்வாறு மீண்டும் மீண்டும் மாற்றினார். பழைய இரத்தத்தின் சுவடும் எஞ்சாத நிலையில், கடைசியில் வளர்ந்தவற்றைச் செலுத்தியபோதும் எலி அந்நோயாலேயே மாண்டது. அக்கோலுயிர்கள் உறைவித்துகளாக மாறி மண்ணில் நெடுங்காலம் கிடத்தலையும் கண்டார். விலங்குகள் இல்லாது பல்லாண்டு கிடந்த புல்வெளியிலும் அந்நோய் திடீரென எழுவதன் மருமம் இதனால் விளங்கிற்று. 1876-ஆம் ஆண்டில் பிரெசுலாவு நகரத்துப் பேராசிரியர் கோன் என்பவர் முன்னிலையில் இவற்றைச் செய்து காட்டி வெளியிட்டார்.

ஒரு நுண்ணுயிரை ஒரு நோய்க்குக் காரணம் எனத் துணிவதற்குரிய நெறி இதனின்று உருவாயிற்று. அது நோயுற்றோர் உடலிற் காணப்பெறுதல் வேண்டும்; பிறவற்றினின்றும் பிரித்துத் தனியே வளர்க்கப்பெறுதல் வேண்டும்; அங்ஙனம் வளர்ந்தது நலமுள்ள விலங்கில் அந்நோயையே விளைத்தல் வேண்டும். காண்டலும் கருதலும் இந்நெறியில் ஒன்றாயின. இம்முறையால் காக் 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் காசநோயின் கிருமியைப் பெர்லின் நகரில் அறிவித்தார். இன்று அந்நாள் உலகக் காசநோய் நாளாகப் போற்றப்பெறுகின்றது. 1884-ஆம் ஆண்டில் நம் நாட்டுக் கல்கத்தா நகரிலிருந்து வாந்திபேதியின் கிருமியைத் தெளிவுறுத்தினார்; மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதனைக் கண்டார். அதே கிருமியை இத்தாலிய அறிஞர் பசீனி என்பவர் 1854-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதியிருந்தார். அந்நாளில் அதனைப் பொருட்படுத்தியோர் சிலரே.

அறிவுலகில் மறுப்பும் பயனுடையதே. மியூனிக்கு நகரத்து முதுபேராசிரியர் பெட்டன்கோபர் என்பவர், கிருமி மட்டுமே வாந்திபேதியை விளைக்காது என்று வாதிட்டார். 1892-ஆம் ஆண்டில் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகினார். சிறிது வயிற்றுப்போக்கு உண்டாயிற்றேயன்றி அவர் இறக்கவில்லை. அதே ஆண்டில் எல்பு ஆற்றங்கரையில் உள்ள ஹாம்பர்க்கு நகரில் அந்நோய் பரவி, 8,600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனை ஒட்டிய ஆல்டோனா நகரமும் அவ்வாற்று நீரையே பருகியது. எனினும், மணலில் வடிகட்டிப் பருகியமையால் பெரும்பாலும் பிழைத்தது. இரு நகரங்களுக்கும் எல்லையாய் அமைந்த தெருவில், ஹாம்பர்க்கு நீர் பெற்ற பக்கத்தை நோய் தாக்கியது. ஆல்டோனா நீர் பெற்ற பக்கம் தப்பியது. பெட்டன்கோபர் பிழைத்தமையும் வீணன்று. வித்து ஒன்றாயினும் விளைவு நிலத்திற்கு ஏற்ப வேறுபடும். கிருமி உடலுட் புகுந்தோர் அனைவரும் ஒரே அளவில் நோயுறார். உடலின் எதிர்ப்பாற்றலும் கணக்கில் கொள்ளற்பாலது என்பதைப் பிற்காலத்தார் தெளிந்தனர்.

பாஸ்டியரோ நோய்க்கிருமிகளின் ஆற்றலைத் தணித்து, அவற்றையே காப்பு மருந்தாக்கும் வழியை வளர்த்தார். 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அம்மருந்தைச் செலுத்தினார், சிறுவன் பிழைத்தான். அம்முறையைத் தென்னிந்திய மக்கள் பெறும்பொருட்டு, 1907-ஆம் ஆண்டில் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் பாஸ்டியர் பெயரால் நிலையம் ஒன்று பணியைத் தொடங்கியது. 1892-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பாஸ்டியரின் எழுபதாம் பிறந்தநாள் விழா பாரிசில் நடைபெற்றது. லிஸ்டர் அவரை வாழ்த்திப் பேசினார். தளர்ந்த உடலினராகிய பாஸ்டியர் எழுந்து அவரைத் தழுவிக்கொண்டார். அவையோர் ஆரவாரித்தனர். அவ்விழாவில் இருந்திருக்க வேண்டிய மற்றொருவர், இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னரே கைவிடப்பட்டவராய் மறைந்திருந்தார்.

இன்று அறுவை அறையினுள் நுழையும் மருத்துவர் எவராயினும் முதற்கண் கைகளைத் தூய்மை செய்கின்றார். பிணியாளரைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் செவிலியர் கை கழுவுகின்றனர். அச்செயலின் காரணத்தை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும், அவ்வறிவு எளிதில் வந்ததன்று. மிளகு நீரில் உயிரைக் கண்ட வாணிகரின் கூரிய பார்வையும், குருவின் மணியோசையையும் விடாது ஆராய்ந்த இளைஞரின் கருதலும், அன்னக்கழுத்துக் குடுவையும், மாட்டுக் கண்ணின் நீரும் ஒன்று சேர்ந்தே அதனை நமக்கு ஈந்தன. முன்னோர் உரையை மதித்தல் வேண்டும். அதனை ஆராய்ந்து தெளிதலும் வேண்டும். ஆராய்ந்தபின் கிடைக்கும் உண்மை, நம் கைகளே குற்றமுடையன என்று காட்டுமாயினும், அதனை ஏற்றுக்கொள்ளும் துணிவும் வேண்டும். அத்துணிவு 1847-ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகிற்கு வாய்த்திருப்பின், தாயைப் பிறந்த அன்றே இழக்கும் துயரினின்றும் பல்லாயிரம் குழந்தைகள் தப்பியிருக்கும்.